கோடு நேராகத்தான் இருந்தது

எனக்குக் கோபம் அதிகம். நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் இறங்கி, லாரி மெக்கானிக் தீனதயாளன் பட்டறை எங்கே என்று கேட்டால், "அந்தச் சிடுமூஞ்சிக்காரருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். முப்பத்தோரு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. கெட்டுப்போன வண்டியைப் பிரித்து மாட்ட ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. வண்டி கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை நான் செய்தேன். அதில் எனக்குத் திமிர் இருந்தது, அதை நான் மறைத்ததும் இல்லை.

சின்னராஜிடம் இருந்தது ரெக்கவரி வண்டி. ரோட்டில் படுத்துவிட்ட லாரிகளைக் கொக்கி போட்டு இழுத்துவரும் பத்துச் சக்கர வண்டி. அவனே ஓனர், அவனே டிரைவர். ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. வெறுமனே லோடு ஏற்றி ஓடிய வண்டியே அத்தனை தூரத்தில் தளர்ந்துவிடும். இது தன்னைவிடக் கனமான வண்டிகளைப் பத்து வருடமாக இழுத்த வண்டி. அதை முன்கூட்டிப் பார்க்காவிட்டால் ஒரு நாள் கழுத்தறுத்துவிடும். மற்ற லாரிக்கு ஆயில் மாற்றுகிற தூரத்தில் பாதி ஓடியதுமே இதற்கு மாற்ற வேண்டும். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்துவிட வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் சக்கர நட்டு.

நட்டை இறுக்கி முடித்ததும் நான் ஒரு கோடு போடுவேன். சின்னத் தூரிகையில் பெயிண்ட் தொட்டு, நட்டின் மேல் தொடங்கி சக்கரத்தின் தகடுவரை ஒரே இழுப்பு. நட்டு துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக ஒடிந்துவிடும். நட்டில் இருக்கும் பாதி ஒரு பக்கம், தகட்டில் இருக்கும் பாதி ஒரு பக்கம். பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு, பழைய கோட்டின் மேலேயே வேறு நிறத்தில் புதுக் கோடு போடுவேன். போன வருடம் வெள்ளை, அதற்கு முந்தைய வருடம் சிவப்பு.

இவ்வளவையும் நான் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. விளக்குகிற பொறுமை எனக்குக் கிடையாது. சின்னராஜிடமும், "கோடு நேரா இருந்தா வண்டிய எடு. கோணலா இருந்தா எனக்குப் போனப் போடு" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் குனிந்து குனிந்து பத்துச் சக்கரத்தையும் சுற்றி வருவான். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "கமலா, கோடு நேரா இருக்குது, நான் கெளம்பறேன்" என்று குரல் கொடுப்பான். கமலவேணி அவன் பெண்டாட்டி. இதை அவள் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் சின்னராஜ்தான். பட்டறைக்குள் நுழையும்போதே, "ஏனுங்கண்ணா, இன்னைக்கு வெயிலு உங்க மூஞ்சில மட்டும் அடிக்குதாட்டங்க?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன் இரண்டு நாள் வராவிட்டால் எனக்கு என்னவோ போல் இருக்கும். இதை அவனிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

அந்த வருடம் பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, பின்னால் இடது பக்கச் சக்கரத்துக்குப் புது டயர் போட்டான். நான்தான் மாட்டி, இறுக்கி, மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டிலேயே கோடு போட்டு அனுப்பினேன். கழற்றி மாட்டிய சக்கரம் நூறு கிலோமீட்டர் ஓடினால் நட்டு கொஞ்சம் இளகும். மறுபடி ஒரு தடவை இறுக்கியே ஆக வேண்டும். பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவனே போன் செய்தான்.

"அண்ணா, புது டயர்ல ரெண்டு நட்டுக்குக் கோடு ஒடைஞ்சிருக்குதுங்க."

பட்டறையில் பதினோரு லாரி நின்றது. பூஜைக்குள் எல்லோருக்கும் வண்டி வேண்டும். என் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது.

"அப்ப ஓட்டாத. ஊட்ல நிறுத்து. நாளைக்கு நானே ஊட்டுக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவன் நிறுத்திவிட்டான். நான் மறுநாள் போகவில்லை. சும்மா இருந்துவிட்டுப் போகாமல் இல்லை, வேலை இருந்தது. ஆனாலும் போகவில்லை என்பது போகவில்லைதான். பூஜையன்று காலையில் ரெஞ்சை எடுத்து என் வண்டியில் போட்டுக்கொண்டு, புதுச்சத்திரம் பக்கம் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். பூஜைக்கு முன்னால் இறுக்கிவிடலாம் என்று கணக்கு.

போய்ப் பார்த்தால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. முன்னால் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பத்துச் சக்கரத்திலும் நட்டுக்கு நட்டு மஞ்சள் கோடு. புத்தம்புதிய பெயிண்ட். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு.

சின்னராஜ் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கோடெல்லாம் அம்சமா இருக்குதுங்கண்ணா. இனி ஒரு மாசத்துக்கு உங்களுக்கு லீவுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் நான் வரவில்லை என்பதற்காக வேறு ஆளை வைத்து இறுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். பைபாஸில் காற்றில் நட்டு முறுக்கும் கன்னை வைத்து டர்ரென்று அடித்துவிட்டுக் காசு வாங்குகிற டயர் கடைக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரைச் சொன்னாலே எனக்கு ஆகாது. அவனைக் கூட்டிவந்து வேலையை முடித்துவிட்டு, என் மாதிரியே கோடும் போடவைத்து, எனக்கே லீவு கொடுக்கிறான் இவன். அப்படித்தான் என் புத்தி போயிற்று. யார் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று கேட்கவில்லை.

"இருக்கட்டும்" என்றேன்.

கமலவேணி தட்டில் பொரியும் கடலையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வளையலில் மஞ்சளாக என்னவோ ஒட்டியிருந்தது. விசேஷ நாள், மஞ்சள் அரைத்திருப்பாள் என்று நினைத்தேன். ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு, ரெஞ்சைக் கீழே இறக்காமலே திரும்பிவிட்டேன். பூசணிக்காய் உடைக்கிறவரைகூட நிற்கவில்லை.

அடுத்து வந்த ஆறு நாளும் அவன் போன் செய்யவில்லை. எதற்குச் செய்வான்? கோடு நேராக இருந்தது.

ஆறாவது நாள் பனமரத்துப்பட்டியில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த ரிக் லாரி ஒன்று கியர் உடைந்து நின்றுவிட்டது. முப்பது டன் இருக்கும். அதை நாமக்கல்லுக்கு இழுத்துவரச் சின்னராஜைக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்குக் கொக்கி போட்டான். ரிக் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதன் டிரைவர் ரமேஷ்குமார் பின்னால் உட்கார்ந்திருந்தான். நடந்ததை எனக்குச் சொன்னது அவன்தான். கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்.

"ஊருக்குள்ளார இருந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தினாருங்க. பின்னால வீலு ஆடறாப்புல இருக்குதுன்னு எறங்கிப் பாத்தாரு. நானும் எறங்குனேன். இடது பக்கம் உக்காந்து ஒவ்வொரு நட்டா வெரல வெச்சுத் தடவிப் பாத்தாருங்க. 'தயாளண்ணன் கோடு நேராத்தான் இருக்குது, புது டயரு, அதான் அப்படி இருக்குமாட்டிருக்குது'ன்னாரு. நான்கூட ஒரு தடவ இறுக்கிப் பாக்கலாமுங்கன்னேன். 'அவரு கோட்டுமேல நான் ஸ்பேனர் வெச்சா மனுசன் என்னைய உயிரோட விடமாட்டாரு'ன்னு சிரிச்சாருங்க."

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். இடது பின்சக்கரம் இரண்டும் ஜோடியாகக் கழன்று போயின. வண்டி சாய்ந்தது. வண்டியின் மேல் பொருத்தியிருந்த கிரேனின் கனம் அதைப் பள்ளத்துக்குள் புரட்டிவிட்டது. டிரைவர் கேபின் அடியில் மாட்டிக்கொண்டது. சின்னராஜை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுக்கும்போது உயிர் இல்லை. நாற்பத்திரண்டு வயது.

எழவு வீட்டுக்கு நான் போனபோது ஆண்கள் யாரும் என்னோடு பேசவில்லை. நட்டு கழன்றது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நட்டுக்கு மெக்கானிக் யார் என்றும் தெரிந்திருந்தது. அவனுடைய அண்ணன் செங்கோட்டையன், "இவன எவன்டா உள்ள விட்டது?" என்று என் காதில் விழும்படி கேட்டார். அது எனக்கு வலிக்கவில்லை. கமலவேணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை. கண் வறண்டு கிடந்தது.

"கோடு நேராத்தான இருந்துச்சுங்கண்ணா. நேரா இருந்தா எடுக்கலாமுன்னுதான நீங்க சொன்னீங்க. அப்பறம் எப்படிங்க?"

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. முப்பத்தோரு வருடத்தில் கோடு நேராக இருந்து நட்டு கழன்றதே இல்லை.

"பாத்துச் சொல்றேன் அம்மிணி" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு, விபத்து வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார், நான் இருக்க வேண்டும். நான் எட்டரைக்கே போய்விட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் புளியமரத்தடியில் வண்டியைக் கிரேன் வைத்து இறக்கியிருந்தார்கள். கழன்ற சக்கரம் தனியாகப் படுத்திருந்தது. பத்து நட்டில் இரண்டு மட்டும், நட்டு ஏறும் ஸ்டட் ஆணி உடைந்து அதோடு சேர்ந்து, தகட்டிலேயே சிக்கிக்கொண்டிருந்தன. இரண்டிலும் மஞ்சள் கோடு நேராக இருந்தது. குங்குமம்கூட அழியவில்லை.

உட்கார்ந்து பார்த்தேன். அந்த டயர் கடைக்காரன் போட்ட கோடு இல்லை அது. அவன் இவ்வளவு பொறுமையாகத் தூரிகை பிடிக்க மாட்டான். இரண்டு முனையும் ஒரே கனம், துளி ஒழுகல் இல்லை. தினமும் வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை. கத்தியை எடுத்து மஞ்சளை மெதுவாகச் சுரண்டினேன். அடியில் என் வெள்ளைக் கோடு இருந்தது. நட்டில் பாதி, தகட்டில் பாதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல்லளவு விலகல்.

அந்த வளையலில் இருந்தது மஞ்சள் இல்லை, பெயிண்ட் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோடு ஒடிந்ததால் வண்டி நிற்கிறது என்று அவன் வீட்டில் சொல்லியிருப்பான். நல்ல நாளும் அதுவுமாக வண்டி நிற்கலாமா? அவள் கோட்டைச் சரிசெய்துவிட்டாள். அவளுக்கு அது நெற்றிப் பொட்டு மாதிரி, நிலவாசல் மஞ்சள் மாதிரி. நேராக இருந்தால் நல்லது நடக்கும், அவ்வளவுதான். அது ஏன் நேராக இருக்க வேண்டும் என்று அவளிடமோ அவனிடமோ நான் ஒரு நாளும் சொன்னதில்லையே.

நான் அந்தச் சக்கரத்தின் மேலேயே தலையை வைத்து அழுதேன். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டரிடம் இதைக் காட்டினால் என் மேல் வரும் கேஸ் பாதியாகக் குறையும். நான் பிழைத்துக்கொள்வேன். ஆனால் அது ரிப்போர்ட்டில் ஏறும். ரிப்போர்ட்டைச் செங்கோட்டையன் படிப்பார். புருஷனைத் தன் கையால் அனுப்பிவைத்தவள் என்று ஊர் அவளைப் பேசும், அவளுக்கும் அது தெரியவரும். அவளுக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது வாழ. பையில் தின்னர் பாட்டில் வைத்திருப்பேன். கழிவுத்துணியில் நனைத்து, அந்த இரண்டு நட்டிலும் தகடு முழுக்கவும் மஞ்சளையும் வெள்ளையையும் சேர்த்துத் துடைத்தேன். வெறும் இரும்பு தெரிகிறவரை துடைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் கமலவேணி நிற்கிறாள். கேபினில் இருக்கும் சின்னராஜின் சாமான்களை எடுத்துக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்களாம். நசுங்கிப்போன டிபன் கேரியரையும் ஒரு சாமி படத்தையும் மார்போடு அணைத்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. அதே நேரம் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார்.

அவர் வண்டியைச் சுற்றிவந்தார். கழலாத மற்றச் சக்கரங்களைக் காட்டி, "இந்த மஞ்சக் கோடெல்லாம் யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றேன். பொய் தங்குதடை இல்லாமல் வந்தது.

"இந்த வீலுக்கு?"

"இதுக்குப் போடலீங்க. டயரு மாட்டுனதுக்கு அப்பறம் மறுக்கா இறுக்கோணும். வாரேன்னு சொன்னேன். போகல."

கடைசியாகச் சொன்னது உண்மை. அவர் எழுதிக்கொண்டார். கவனக்குறைவால் மரணம் என்று என் மேல் வழக்கு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜாமீனில் விட்டார்கள். அன்றிலிருந்து பட்டறைக்கு வண்டி வருவது குறைந்துவிட்டது. கோட்டுக்காரன் பட்டறை என்று மரியாதையாகச் சொன்ன வாய்களே, கோடு போட்டுக் கொன்னவன் என்றன. எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கருமாதி முடிந்து நான்காம் நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பட்டறையில் ஒரு வண்டியும் இல்லை. கமலவேணி தனியாக வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. பெஞ்சைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. பைக்குள் இருந்து ஒரு சின்னப் பெயிண்ட் டப்பாவை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். மூடியின் ஓரத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. கூடவே ஒரு தூரிகை.

"நான் போட்ட கோட்ட நீங்க போட்டதா ஏனுங்கண்ணா சொன்னீங்க?"

நான் தூரிகையைத் திருப்பிப் பார்த்தேன்.

"நீங்க தொடச்சத நான் பாத்தேனுங்க. எனக்கு ஒன்னும் புரியல. அப்பறம் ரமேஷ்குமாரக் கேட்டேன், கோடு எதுக்குப் போடறாங்கன்னு. அந்தப் பையன் ஒரு நட்டுல போட்டுத் திருப்பிக் காட்டுனான். எட்டு வருசங்கண்ணா. ஒருத்தருகூட எனக்குச் சொல்லலீங்களே."

"என்ற தப்பு அம்மிணி."

"அவரு அன்னைக்கு வாழக்கன்னு வாங்கப் போயிருந்தாருங்க. திரும்பி வந்ததும், கோடெல்லாம் போட்டாச்சுங்கன்னேன். போட்டாச்சுன்னுதான் சொன்னேன், நான் போட்டேன்னு சொல்லல. யாரு போட்டதுன்னு அவரும் கேக்கலீங்க. அண்ணன் வந்துட்டுப் போயிட்டாராட்டிருக்குதுன்னு சந்தோசப்பட்டுட்டாரு. நெனச்சுட்டுப் போகட்டும், அப்பறமா நாந்தான்னு சொல்லிச் சிரிக்கலாமுன்னு இருந்துட்டேன். பூஜை வேலைல மறந்தே போச்சுங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கையைப் பிடித்து, லீவு என்று சொன்னது கிண்டல் இல்லை. நான் வந்து இறுக்கிவிட்டுப் போனேன் என்று நம்பி, நன்றி சொல்லியிருக்கிறான்.

இதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் மட்டும் தனியாகச் சுமக்கக் கூடாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். பூஜையன்று ரெஞ்சோடு வந்ததை, கோட்டைப் பார்த்ததை, டயர் கடைக்காரன் வேலை என்று நினைத்து ரோஷப்பட்டதை, பொரியைத் தின்றுவிட்டு ஒரு நட்டைக்கூடத் தொடாமல் திரும்பியதை.

"பாத்தேன் அம்மிணி. நான் போடாத கோடுன்னு தெரிஞ்சுதான் பாத்தேன். யாரு போட்டதுன்னு நானும் கேக்கல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"மூணு பேருல ஒருத்தராவது கேட்டிருக்கலாமுங்க" என்றாள்.

வெளியே ஒரு ரிக் லாரி தடதடவென்று போனது. பிறகு அவள், கேஸில் என் பெயர் மட்டும் இருப்பது சரியில்லை, கோர்ட்டில் தானே வந்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"வேண்டாம் சாமி. வாரேன்னு சொல்லிட்டு வராதவன் நாந்தான். அதுக்குத்தான் கேசு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். டப்பாவை எடுக்கவில்லை. வாசல்வரை போனவள், நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லிக்கொள்கிற மாதிரியே திரும்பிப் பார்த்து, "வாரேனுங்கண்ணா" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.